பெட்ரோல் எஞ்சினில் ஓடும் நடமாடும் கம்ப்ரசர்

(உழவர் பயிற்சி முகாமில் பண்ணை இயந்திரவியல் ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



கம்ப்ரசர் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று, பாறையில் துளை போட்டுக் கிணற்றை ஆழப்படுத்த வரும் டிராக்டர் கம்ப்ரசர். மற்றொன்று, ஆழ்துளைக் கிணற்றின் அருகில் மோட்டாரில் ஓடி, குழாய் வழியே காற்றை அனுப்பித் தண்ணீரை மேலே கொண்டுவரும் கம்ப்ரசர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இவை இரண்டுமல்ல. இரண்டு சக்கரமும் ஒரு கைப்பிடியும் உள்ள, பெட்ரோல் எஞ்சினில் ஓடுகிற சிறிய கம்ப்ரசர். மின்கம்பம் இல்லாத தோட்டத்துக்கும் இதைத் தள்ளிக்கொண்டு போகலாம். டிரெய்லரில் ஏற்றியும் கொண்டு போகலாம்.

வயல் நடுவே டிராக்டர் சக்கரம் காற்று இறங்கி நின்றால் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போக அரை நாள் ஆகிறது. அறுவடை இயந்திரத்தின் ரேடியேட்டரில் வைக்கோல் தூசி அடைத்தால் எஞ்சின் சூடேறி நிற்கிறது. இப்படிப்பட்ட நேரங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் காற்று இருந்தால் வேலை கெடாது. அதனால்தான் நான்கைந்து பேர் சேர்ந்து இப்படி ஒரு கருவியை வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் ஓட்டும்போதுதான் தொல்லை வருகிறது. ஆகவே முதலில் அதன் உட்பாகங்களைப் பார்ப்போம். பிறகு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பார்ப்போம். கடைசியாக, உயிருக்கு ஆபத்தான ஒரு தவறைப் பற்றிச் சொல்கிறேன். அதை மட்டுமாவது வீட்டிலுள்ளவர்களிடமும் கூலிக்கு வருபவர்களிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.

காற்றை அமுக்குவது என்றால் என்ன?

சைக்கிளுக்குக் கைப்பம்பில் காற்றடிக்காதவர் இங்கே யாரும் இருக்கமாட்டீர்கள். பம்பின் முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு தண்டை அழுத்திப் பாருங்கள். முதலில் சுலபமாக இறங்கும், போகப்போகக் கடினமாகும், பாதிக்கு மேல் அழுத்தினால் விரலைத் தள்ளிக்கொண்டு காற்று பீய்ச்சும். தொடர்ந்து நாலைந்து நிமிடம் அடித்தால் பம்பின் அடிப்பகுதி கையில் சுடும். கம்ப்ரசரின் தத்துவம் முழுவதும் இந்தக் கைப்பம்பிலேயே அடங்கியிருக்கிறது.

நம்மைச் சுற்றியுள்ள காற்று கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் சுமார் 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்திக்கொண்டிருக்கிறது. குறிப்பிட்ட அளவு காற்றைப் பாதி இடத்தில் அடைத்தால் அழுத்தம் இரண்டு மடங்காகும். எட்டில் ஒரு பங்கு இடத்தில் அடைத்தால் எட்டு மடங்காகும். சூடு மாறாமல் இருக்கும்போது இந்தக் கணக்கு பொருந்தும். இதை ராபர்ட் பாயில் என்ற அறிஞர் 1662-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

கம்ப்ரசரில் உள்ள அழுத்தமானி, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துவிட்டு மீதியைத்தான் காட்டும். முள் 7 கிலோவில் நின்றால், உள்ளே எட்டுப் பங்கு காற்று ஒரு பங்கு இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று பொருள். சில மானிகளில் அளவு பவுண்டில் இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14 பவுண்டு. கடைக்காரர் 100 பவுண்டு என்று சொன்னால் அது நம் கணக்கில் சுமார் 7 கிலோ.

எஞ்சினும் பெல்ட்டும்

இந்தக் கருவியில் இருப்பது பெரும்பாலும் 5 முதல் 6 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சு பெட்ரோல் எஞ்சின். மருந்து தெளிக்கும் கருவிகளிலும் சிறிய பம்புசெட்டுகளிலும் நீங்கள் பார்த்த அதே வகைதான். பெட்ரோலும் காற்றும் கலந்த புகையை உள்ளே இழுப்பது முதல் வீச்சு; அதை அமுக்குவது இரண்டாவது; தீப்பொறி பட்டு எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுவது மூன்றாவது; எரிந்த புகையை வெளியேற்றுவது நான்காவது. இவற்றில் மூன்றாவது வீச்சில்தான் நமக்கு வேலை கிடைக்கிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுழலும். காற்றுப் பம்பு அவ்வளவு வேகம் தாங்காது. அதற்கு ஏறத்தாழ 1,000 சுற்றுப் போதும். ஆகவே எஞ்சினில் சிறிய கப்பியும் பம்பில் பெரிய கப்பியும் போட்டு வி-பெல்ட்டால் இணைத்திருப்பார்கள். பம்பின் பெரிய கப்பியைக் கவனித்தால், அதன் ஆரங்கள் விசிறி இறக்கை போலச் சாய்ந்திருப்பது தெரியும். அது சுழலும்போது பம்பின் மீது காற்று வீசிச் சூட்டைத் தணிக்கிறது. ஒரே சக்கரம் பம்பையும் ஓட்டுகிறது, விசிறியாகவும் பயன்படுகிறது. பம்பைக் கழற்றி மாட்டியபின் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றால் காற்று வீச வேண்டிய பக்கம் வீசாது, பம்பு சூடேறும். ஆகவே சக்கரத்தில் பொறித்துள்ள அம்புக்குறியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெல்ட்டைச் சுற்றிக் கம்பிக்கூண்டு ஒன்று இருக்கும். அது இடைஞ்சல் என்று சிலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். நம் வேட்டி நுனியும் தோள் துண்டும் பெல்ட்டில் சிக்கினால் எஞ்சின் நிற்பதற்குள் கை போய்விடும். கூண்டில்லாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது.

பம்பின் உள்ளே

பம்பின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. தலைப்பகுதியில் இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகள் வால்வாக இருக்கின்றன. பிஸ்டன் இறங்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்று உறிஞ்சும் வால்வைத் திறந்துகொண்டு நுழையும். பிஸ்டன் ஏறும்போது அந்த வால்வு மூடிக்கொள்ளும். காற்று நெருங்கி நெருங்கி, தொட்டியில் உள்ள அழுத்தத்தைவிடச் சற்று மிகும்போது வெளியேற்றும் வால்வைத் தள்ளித் திறக்கும். எஞ்சினில் உள்ளது போல வால்வைத் திறந்து மூட இங்கே தனித் தண்டு கிடையாது. காற்றின் அழுத்த வேறுபாடே திறக்கிறது, மூடுகிறது. ஆகவே இந்தத் தகடுகளில் சிறிது கரி படிந்தாலும், ஒரு துளி தூசி ஒட்டினாலும் காற்று கசியும். பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், முள் ஏறாது.

கைப்பம்பு சுட்டது நினைவிருக்கிறதல்லவா? 30 டிகிரி வெப்பமுள்ள காற்றை ஒரே மூச்சில் எட்டில் ஒரு பங்காக அமுக்கினால், கணக்குப்படி அதன் சூடு 250 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். அவ்வளவு சூட்டில் எண்ணெய் கருகி வால்வில் படியும். இதைத் தவிர்க்கத்தான் பல கம்ப்ரசர்களில் ஒரு பெரிய சிலிண்டரும் ஒரு சிறிய சிலிண்டரும் வைத்திருக்கிறார்கள். பெரிய சிலிண்டர் காற்றை ஓரளவு அமுக்கும். அந்தக் காற்று, விசிறி எதிரே வளைந்து வளைந்து போகும் தகடு பதித்த குழாயில் ஆறி, பிறகு சிறிய சிலிண்டருக்குப் போய் மீதி அமுக்கத்தைப் பெறும். இப்படி இரண்டு படியில் செய்தால் ஒவ்வொரு படியிலும் சூடு சுமார் 135 டிகிரியளவில் நிற்கும். எஞ்சினின் வேலையும் குறையும். தினமும் பல மணி நேரம் ஓட்ட வேண்டியவர்கள் இரண்டு படி கம்ப்ரசரையே வாங்க வேண்டும். எப்போதாவது சக்கரத்துக்குக் காற்றடிக்க மட்டும் என்றால் ஒரு படி போதும்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், பம்புக்கு வேறு எண்ணெய். இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. பம்புக்குள் இணைப்புத் தண்டின் அடியில் உள்ள சிறு கரண்டி எண்ணெயை வாரித் தெளிக்கிறது. கருவியை வரப்பின் மீது சாய்வாக வைத்து ஓட்டினால் கரண்டிக்கு எண்ணெய் எட்டாது. சில நிமிடங்களிலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எனவே சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கல் கொடுத்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

தொட்டி நிறைந்த பிறகும் எஞ்சின் ஏன் ஓடுகிறது?

பம்பிலிருந்து வரும் காற்று ஒருவழி வால்வைத் தாண்டித் தொட்டிக்குள் போகிறது. உள்ளே போன காற்று திரும்பி வராமல் அது தடுக்கிறது. 100 லிட்டர் தொட்டியில் முள் 7 கிலோவைக் காட்டும்போது, சாதாரணக் காற்றாகக் கணக்கிட்டால் கூடுதலாக 700 லிட்டர் காற்று உள்ளே இருக்கிறது. பம்பு நிமிடத்துக்கு 250 லிட்டர் காற்று கொடுத்தால், காலித் தொட்டி நிறைய மூன்று நிமிடம் போதும்.

மின்மோட்டாரில் ஓடும் கம்ப்ரசர் என்றால், தொட்டி நிறைந்ததும் ஒரு சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். அழுத்தம் குறைந்ததும் திரும்ப ஓட்டும். பெட்ரோல் எஞ்சினை அப்படி நிமிடத்துக்கொருமுறை நிறுத்திக் கிளப்ப முடியாது. கயிற்றை இழுக்க ஓர் ஆள் அங்கேயே நிற்க வேண்டியதாகும். ஆகவே வேறொரு வழி செய்திருக்கிறார்கள். தொட்டியில் அழுத்தம் நிர்ணயித்த அளவை, அதாவது சுமார் 8 கிலோவை எட்டியதும், ஒரு சிறிய வால்வு திறந்து மெல்லிய குழாய் வழியே கொஞ்சம் காற்றைப் பம்பின் தலைக்கு அனுப்புகிறது. அந்தக் காற்று உறிஞ்சும் வால்வை மூடவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. இப்போது பிஸ்டன் ஏறினாலும் இறங்கினாலும் காற்று வந்த வழியே போகிறது, அமுக்கம் நடப்பதில்லை. அதே நேரத்தில் இன்னொரு கிளைக்குழாய் எஞ்சினின் வேகக் கம்பியை இழுத்து வேகத்தைக் குறைக்கிறது. எஞ்சின் பளுவின்றி மெதுவாக ஓடும், பெட்ரோலும் மிச்சமாகும். நாம் காற்றைச் செலவழித்து அழுத்தம் 6 கிலோ அளவுக்கு இறங்கியதும் சிறிய வால்வு மூடிக்கொள்ளும். எஞ்சின் உறுமிக்கொண்டு திரும்பப் பளுவை ஏற்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் கோளாறைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். தொட்டி நிறைந்த பிறகும் எஞ்சின் முழு வேகத்தில் அலறினால் வேகக் கம்பியின் பக்கம் கோளாறு. நாம் காற்றை எடுக்காதபோதும் எஞ்சின் அடிக்கடி உறுமினால் எங்கோ காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

இந்த ஏற்பாடெல்லாம் பழுதானால் கடைசிக் காவல், தொட்டியின் மேலுள்ள பாதுகாப்பு வால்வு. அழுத்தம் எல்லை மீறினால் அது தானே திறந்து காற்றைக் கக்கிவிடும். வாரம் ஒருமுறை அதன் வளையத்தை இழுத்து, 'புஸ்' என்று காற்று வருகிறதா என்று பாருங்கள். அது அடிக்கடி திறந்து தொந்தரவு தருகிறது என்று ஆணியை வைத்து அடைப்பவரும், திருகி இறுக்குபவரும் உண்டு. ஒரு கணக்குச் சொல்கிறேன். தொட்டியின் பக்க மூடி 36 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு ஆயிரம் சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். 7 கிலோ அழுத்தத்தில் அந்த ஒரு மூடியை மட்டும் 7 டன் விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த வால்வை ஆணி வைத்து அடைப்பவர் 7 டன்னோடு விளையாடுகிறார்.

தொட்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது?

தொட்டியின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்தால் துருநிறத் தண்ணீர் கொட்டும். 'நான் தண்ணீர் ஊற்றவே இல்லையே' என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் காற்றிலேயே இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில், ஓரளவு ஈரமான நாளில், 10 கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 200 கிராம் நீர் ஆவியாகக் கலந்திருக்கும். அந்தக் காற்றை எட்டில் ஒரு பங்கு இடத்தில் அடைத்து ஆறவிட்டால், அதில் சுமார் 40 கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மீதியெல்லாம் தண்ணீராகத் தொட்டியின் அடியில் தங்கும். நான் சொன்ன அளவுள்ள பம்பு 40 நிமிடம் ஓடினாலே ஒரு டம்ளர் தண்ணீர் சேர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னும் கூடும்.

இந்தத் தண்ணீர் தொட்டியை உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடித்தகடு தாளைப் போல மெலிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும், அழுத்தம் கொஞ்சம் மீதி இருக்கும்போதே அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். இதற்கு அரை நிமிடம் ஆகும், காசு செலவில்லை. தொட்டியில் துளை விழுந்துவிட்டால் பற்றவைத்து ஓட்டாதீர்கள். ஓரிடத்தில் துளை விழுந்ததென்றால் சுற்றிலும் தகடு மெலிந்துவிட்டது என்பதே பொருள். பழைய கருவி வாங்குவோர், தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சோதித்துத் தரச்சொல்லிக் கேட்க வேண்டும். தண்ணீர் அமுங்காது, ஆகவே சோதனையில் தொட்டி விரிசல் விட்டாலும் கசியுமே தவிர வெடிக்காது.

இதே காரணத்தால் பி.வி.சி. குழாயில் அமுக்கிய காற்றை அனுப்பக் கூடாது. பாசனக் குழாய் மிச்சம் கிடக்கிறதே என்று காற்று லைனுக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரைத் தாங்கும் அந்தக் குழாய், காற்றை அடைத்து வெயிலில் கிடக்கும்போது உடைந்தால் கண்ணாடி போலச் சிதறும். காற்றுக்கென்று விற்கும் ரப்பர் குழாயையே பயன்படுத்துங்கள்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

கம்ப்ரசர் வாங்கும்போது அழுத்தத்தை மட்டும் கேட்டால் போதாது. நிமிடத்துக்கு எத்தனை கனஅடி காற்று தரும் என்றும் கேட்க வேண்டும். அழுத்தம் என்பது தண்ணீரின் உயரம் போன்றது. கனஅடி என்பது வாய்க்காலில் ஓடும் அளவு போன்றது. உயரம் இருந்தும் ஓட்டம் இல்லாவிட்டால் வயல் நனையாது. 5½ குதிரைத்திறன் பெட்ரோல் கம்ப்ரசர் 7 கிலோ அழுத்தத்தில் சுமார் 9 கனஅடி, அதாவது 250 லிட்டர் காற்று தரும்.

இது டிராக்டர், டிரெய்லர், பவர்டில்லர் சக்கரங்களுக்குக் காற்றடிக்கத் தாராளமாகப் போதும். ஆனால் தொட்டியில் உள்ள அழுத்தத்தை அப்படியே டியூபுக்குள் விடக் கூடாது. டிராக்டரின் பின்சக்கரத்துக்கு வயல் வேலையில் பொதுவாக 1 கிலோ அளவு அழுத்தமே போதும்; முன்சக்கரத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. கையேட்டில் உள்ள அளவைப் பார்த்து, அழுத்தம் குறைக்கும் கருவியைத் திருகிவைத்து, மானியைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள். டிரெய்லர் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நில்லுங்கள்.

ரேடியேட்டரை ஊதும்போது எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். தூசி வந்த வழியே திரும்பிப் போகும். காகித வடிகட்டியை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, 2 கிலோவுக்கு மேற்படாத அழுத்தத்தில், சற்றுத் தள்ளிப் பிடித்து ஊதுங்கள். கண்ணாடி அணியாமல் எதையும் ஊதாதீர்கள். உடம்பில் ஒட்டிய உமியைத் தட்டக் காற்றுக் குழாயைப் பயன்படுத்தக் கூடாது. விளையாட்டுக்காக ஒருவர் உடலில் காற்றை ஏற்றி, குடல் கிழிந்து உயிர் போன நிகழ்ச்சிகள் நம் நாட்டிலேயே நடந்துள்ளன. இளைஞர்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்.

பாறையில் துளைபோடும் கருவிக்கு இந்தக் கம்ப்ரசர் உதவாது. அதற்கு நிமிடத்துக்கு 50 கனஅடிக்கு மேல் காற்று வேண்டும்; அது டிராக்டர் கம்ப்ரசரின் வேலை. ஆழ்துளைக் கிணற்றில் தினமும் தண்ணீர் எடுக்கவும் இது ஏற்றதல்ல. முழுப் பளுவில் மணிக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் குடிக்கும், கட்டுப்படியாகாது. மின்சாரம் உள்ள இடத்தில் 3 குதிரைத்திறன் மோட்டாரே இவ்வளவு காற்றையும் தந்துவிடும், செலவும் குறைவு. மின்சாரம் எட்டாத இடத்துக்கு மட்டுமே பெட்ரோல் எஞ்சின்.

மலைப்பகுதி விவசாயிகளுக்கு ஒரு குறிப்பு. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. எஞ்சினுக்கும் காற்றுக் குறையும், பம்புக்கும் குறையும். சமவெளியில் சொன்ன அளவை அங்கே எதிர்பார்க்கக் கூடாது; வாங்கும்போதே ஒரு படி பெரிதாக வாங்க வேண்டும்.

எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்காதீர்கள்

இனி நான் முதலில் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் நடந்தது இது. அறுபதடிக் கிணறு. பக்கவாட்டில் போட்ட துளைகள் சேற்றால் அடைபட்டு ஊற்று நின்றுவிட்டது. கோடையில் வாழை காய்கிறது. காற்றைச் செலுத்தி ஊதினால் அடைப்பு விலகும் என்று சொல்லிச் சிறிய பெட்ரோல் கம்ப்ரசரைக் கொண்டுவந்தார்கள். காற்றுக் குழாய் முப்பதடிதான். இன்னொரு முப்பதடி வாங்கினால் முடிந்திருக்கும். அதற்கு டவுனுக்குப் போக வேண்டுமே என்று, கருவியைக் கயிறுகட்டிக் கிணற்றின் நடுத்திட்டில் இறக்கிவைத்து ஓட்டினார்கள்.

கால்மணி நேரத்தில் கீழே இருந்த இருவரில் ஒருவர் தலைவலிக்கிறது என்று படியேறத் தொடங்கினார், பாதியில் உட்கார்ந்துவிட்டார். மற்றவரைக் கூப்பிட்டால் பதில் இல்லை. அவரைத் தூக்கப்போன தம்பிக்கும் கால் தள்ளாடியது. நல்லவேளை, அவர் இடுப்பில் கயிறு இருந்தது. இறங்கும்போதே எஞ்சினையும் நிறுத்திவிட்டிருந்தார். மேலே நின்ற நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒவ்வொருவராக இழுத்தோம். மூவரும் பிழைத்தார்கள். ஒருவர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். அந்தக் குழாயைப் பார்த்தபோது எனக்கு வாங்காமல் விட்ட முப்பதடிக் குழாய்தான் நினைவுக்கு வந்தது. நானும் அன்று அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்காதே என்று சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இப்போது போகுமிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனை ஏந்திச் செல்லும் பொருளோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டிருப்போம், உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தலைவலி, தலைசுற்றல், வாந்தி உணர்வு, கால் தளர்ச்சி ஆகியவை அதன் அறிகுறிகள். ஆபத்து என்று புரிவதற்குள் எழுந்து நிற்கும் தெம்பு போய்விடும்.

இங்கே மூன்று தவறான நம்பிக்கைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, விளக்குச் சோதனை. அரிக்கேன் விளக்கை இறக்கி, அணையாவிட்டால் கிணறு பத்திரம் என்று முன்னோர் பார்த்தார்கள். ஆக்சிஜன் குறைவை அது காட்டும். கார்பன் மோனாக்சைடை அது காட்டாது. ஆளைக் கொல்லும் அளவு நச்சு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதோடு, எரியும் வாயு தங்கிய கிணற்றில் விளக்கே தீப்பிடிக்கவும் காரணமாகலாம்.

இரண்டாவது, 'கிணறு மேலே திறந்துதானே இருக்கிறது' என்பது. கிணற்றுக்குள் காற்றோட்டம் கிடையாது. உள்ளே சேர்ந்த புகை எளிதில் வெளியேறாது.

மூன்றாவது, 'கம்ப்ரசர் காற்றையே கிணற்றுக்குள் விட்டுச் சுத்தம் செய்துவிடலாம்' என்பது. இருபதடி விட்டமும் அறுபதடி ஆழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 18,800 கனஅடி காற்று இருக்கிறது. நிமிடத்துக்கு 9 கனஅடி விட்டால், ஒருமுறை மாற்றவே 35 மணி நேரம் ஆகும். மேலும், பம்பு தன் எஞ்சினின் புகையையே உறிஞ்சிக் கீழே அனுப்பவும் கூடும். இந்தக் காற்று சுவாசிக்க ஏற்றதல்ல.

ஆகவே எஞ்சின் எப்போதும் மேலே, திறந்த வெளியில், கிணற்று விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, புகை கிணற்றின் பக்கம் வீசாதபடி நிற்க வேண்டும். காற்றுக் குழாய் மட்டும் கீழே போகட்டும். கொட்டகைக்குள்ளும், கோழிப்பண்ணைக்குள்ளும், கதவு திறந்திருந்தாலும், எஞ்சினை ஓட்டாதீர்கள். யாராவது மயங்கி விழுந்தால், கயிறு கட்டாமல் பின்னால் இறங்காதீர்கள். உடனே தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்புங்கள். பாசத்தால் இறங்கி, ஒரே வீட்டில் இருவர் மூவர் சாவது நம் நாட்டில் மீண்டும் மீண்டும் நடக்கிறது.

ஓட்டுபவர் நினைவில் கொள்ள வேண்டியவை

1. கிளப்புமுன் எஞ்சின் எண்ணெய், பம்பு எண்ணெய் இரண்டையும் சமதரையில் வைத்துப் பாருங்கள்.

2. தொட்டியில் அழுத்தம் இருக்கும்போது கயிற்றை இழுக்காதீர்கள். பளு நீக்கும் பிடியைத் திருப்பிவைத்து, எஞ்சினை இரண்டு நிமிடம் பளுவின்றி ஓடவிட்டு, பிறகு பளுவேற்றுங்கள்.

3. காற்று உறிஞ்சும் வடிகட்டியைத் தூசியில்லாத பக்கம் பார்த்து நிறுத்துங்கள். போரடிக்கும் களத்தில் வேலை என்றால் அன்றாடம் கழற்றித் தட்டுங்கள்.

4. பெட்ரோல் ஊற்றுமுன் எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

5. பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதிகம் தளர்ந்தால் வழுக்கும். அதிகம் இறுகினால் பேரிங் தேயும்.

6. வேலை முடிந்ததும் காற்றையும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் ஓட்டமாட்டீர்கள் என்றால் பெட்ரோலையும் முழுவதும் வடித்து, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

7. கூட்டாக வாங்கியிருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யார் எத்தனை மணி ஓட்டினார், எப்போது எண்ணெய் மாற்றினார் என்று எழுதிவையுங்கள். பொதுச்சொத்து கெடுவது பெரும்பாலும் 'அவர் பார்த்திருப்பார்' என்ற எண்ணத்தினால்தான்.

விவசாயப் பெருமக்களே, காற்று விலையில்லாமல் கிடைக்கும் பொருள். அதை ஒரு தொட்டிக்குள் அடைத்துவிட்டால் உழைக்கும் ஆளாக மாறிவிடுகிறது. அந்த ஆளை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்தக் கூடாது என்று தெரிந்துகொள்வது நம் பொறுப்பு. உரை முடிந்ததும் கொட்டகைக்கு வெளியே உள்ள கம்ப்ரசரை ஓட்டிக் காட்டப்போகிறோம். அருகில் வந்து, ஒவ்வொருவரும் அடித்திருகைத் தாமே திறந்து தண்ணீர் வடிவதைப் பாருங்கள். ஐயங்களைத் தயங்காமல் கேளுங்கள்.